படகு டாய்லெட்ல நாறுறது கடல் தண்ணிதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாய்மரப் படகுலயே குடும்பத்தோட தங்கி வாழறவங்களைப் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரையை ரொம்ப ஆசையா படிச்சேன். காத்து, பாய், நங்கூரம்னு எல்லாத்தையும் அழகா எழுதியிருந்தாங்க. ஆனா ஒரு இடத்துல, சின்னப் படகுன்னா டாய்லெட் நாத்தம் இருக்கத்தான் செய்யும், பழகிக்கணும்னு போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டாங்க, அதுதான் மனசுக்கு ஆகலை. பழகிக்க வேண்டிய அவசியமே இல்லைங்க. அந்த நாத்தத்துனாலயே படகுல ஏற மாட்டேன்னு சொல்ற மனைவிமார், கேபின்ல படுக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிற குழந்தைங்க, ஆசையா வாங்கின படகை ஒரே வருஷத்துல வித்தவங்கன்னு எத்தனையோ பேரை பாத்தாச்சு. இது சரி பண்ணக்கூடிய விஷயம். அதுவும் பெரிய வேலை இல்லை, ஒரு பை டேங்க், கொஞ்சம் ஹோஸ், நாலு கிளாம்ப், ஒரு சின்ன வால்வு அவ்வளவுதான். படகு பிளம்பிங் வேலையை கையால செய்யறவன்ங்கற முறையில இதை கொஞ்சம் விவரமா எழுதறேன், நீளமா போனா பொறுத்துக்குங்க.

முதல்ல நாத்தம் எங்கேருந்து வருதுன்னு பாக்கணும். பெரும்பாலான பாய்மரப் படகுல இருக்கறது கையால பம்ப் அடிக்கிற டாய்லெட். படகோட அடியில, தண்ணி மட்டத்துக்கு கீழ ஒரு ஓட்டை, அதுல ஒரு வால்வு, அங்கேருந்து 19 மி.மீ ஹோஸ் வழியா பம்ப் கடல் தண்ணியை இழுத்து டாய்லெட் பேசின்ல விடும். அப்புறம் அதே பம்ப் பேசின்ல இருக்கறதை 38 மி.மீ ஹோஸ் வழியா ஹோல்டிங் டேங்குக்கோ (கழிவை படகுலயே சேத்து வைக்கிற டேங்க்) வெளியவோ தள்ளும். நாத்தம்னதும் எல்லாரும் சந்தேகப்படறது இந்த ரெண்டாவது ஹோஸைத்தான், மலம் போற வழின்னு. ஆனா ஒரு வாரம் பூட்டி வெச்சிருந்த படகை திறந்து முதல் பம்ப் அடிக்கும்போது குப்புன்னு அழுகின முட்டை நாத்தம் வருது பாருங்க, அது வர்றது முதல் ஹோஸ்லேருந்து, அதாவது உள்ள வர்ற தண்ணிலேருந்து.

காரணம் ரொம்ப எளிசு. கடல் தண்ணில கண்ணுக்குத் தெரியாத உயிருங்க, பாசித் துணுக்கு, முட்டைங்கன்னு ஏகப்பட்டது இருக்கு. ஹோஸுக்குள்ள மாட்டிக்கிட்டா வெளிச்சமும் இல்லை காத்தும் இல்லை, ரெண்டு மூணு நாள்ல எல்லாம் செத்து அழுக ஆரம்பிச்சுடும். அதோட, ஒரு லிட்டர் கடல் தண்ணில கிட்டத்தட்ட 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கு. ஆக்சிஜன் தீர்ந்த இடத்துல வாழற ஒரு வகை பாக்டீரியா இந்த சல்ஃபேட்டை வெச்சுதான் பொழைக்குது, அது வெளிய விடறதுதான் ஹைட்ரஜன் சல்ஃபைட் வாயு. அழுகின முட்டை நாத்தம்ங்கறது இதுதான். நல்ல தண்ணில சல்ஃபேட் இதுல ஒரு சின்ன பங்குதான் இருக்கும், அழுகறதுக்கு உயிருங்களும் அவ்வளவா இருக்காது. அதனால அதே ஹோஸ்ல நல்ல தண்ணி நின்னா வாடை அந்த அளவுக்கு வர்றதே இல்லை.

இன்னொண்ணு. மூத்திரமும் கடல் தண்ணியும் சேர்ந்தா ஹோஸுக்குள்ள சுண்ணாம்பு மாதிரி படியும். கடல் தண்ணில லிட்டருக்கு 1.3 கிராம் மெக்னீசியம், 0.4 கிராம் கால்சியம் இருக்கு. மூத்திரத்துல இருக்கற யூரியா சிதைஞ்சு அமோனியா ஆகும்போது தண்ணி காரமா மாறிடும், உடனே இந்த ரெண்டும் கெட்டியாகி ஹோஸ் சுவத்துல ஒட்டிக்கும். சில வருஷம் ஓடின ஒரு 38 மி.மீ ஹோஸை கழட்டி குறுக்க அறுத்துப் பாருங்க, உள்ள சாம்பல் கலர்ல சொரசொரப்பா கல்லு கட்டி, நடுவுல சுண்டுவிரல் போற அளவுக்குத்தான் வழி இருக்கும், தட்டினா பொலபொலன்னு உதிரும். அதே கல்லு ஜோக்கர் வால்வோட (தள்ளின கழிவு திரும்ப வராம தடுக்கற வால்வு) ரப்பர் உதட்டுலயும் உக்காந்துடும், அப்புறம் வால்வு முழுசா மூடாது, தள்ளினது திரும்ப பேசினுக்கே வரும். நல்ல தண்ணி மட்டும் ஓடற டாய்லெட்ல இந்தக் கல்லு சேர்றது ரொம்ப ரொம்ப குறைவு.

இதுக்கு பலர் பண்ற வைத்தியம், கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு மக்கு நல்ல தண்ணியை பேசின்ல ஊத்தி பம்ப் அடிக்கிறது. நல்ல பழக்கம்தான், ஆனா பாதி வேலைதான் ஆகுது. பேசின்ல ஊத்தின தண்ணி வெளிய போற பக்கத்தை மட்டும்தான் கழுவும். உள்ள வர்ற ஹோஸ், பம்போட மேல் அறை, பேசின் விளிம்புக்கு அடியில சுத்தி ஓடற அந்த குழி, இதெல்லாத்துலயும் கடல் தண்ணி அப்படியே நிக்கும். 19 மி.மீ ஹோஸ் ஒரு மீட்டருக்கு 0.28 லிட்டர் பிடிக்கும், ரெண்டரை மீட்டர் ஹோஸ்னா முக்கால் லிட்டருக்கு கொஞ்சம் கம்மி. அந்த முக்கால் லிட்டர்தான் மொத்த கேபினையும் நாறடிக்குது. ப்ளீச், வாசனை மாத்திரைன்னு பேசின்ல எதைப் போட்டாலும் அது அந்தப் பக்கம் போகவே போகாது. தண்ணி எடுக்கற இடத்தையே மாத்தினாத்தான் தீரும்.

அப்போ குடிதண்ணி பைப்லேருந்து ஒரு டீ (T வடிவத்துல பிரியற பைப் இணைப்பு) போட்டு இழுத்துட்டா போச்சுன்னு தோணும். தயவு செஞ்சு அதை மட்டும் செஞ்சுடாதீங்க. இதுக்காகத்தான் முக்கியமா இந்தக் கடிதமே எழுதறேன். கடல் தண்ணிக்குன்னு செஞ்ச டாய்லெட்டை குடிதண்ணி லைனோட சேத்துட்டா, பேசினுக்கும் நீங்க வாய்ல வைக்கிற தண்ணிக்கும் நடுவுல இருக்கறது ஒண்ணு ரெண்டு ரப்பர் வால்வு மட்டும்தான். குடிதண்ணி பம்ப் நின்னு லைன்ல அழுத்தம் குறைஞ்ச நேரத்துல பேசின் பக்கத்து தண்ணி பின்னாடி ஏறினா ஈ கோலை மாதிரி கிருமி நேரா டேங்குக்குப் போகும். தண்ணியை ஒரு பக்கமா மட்டும் விடற நான்ரிட்டர்ன் வால்வு போட்டிருக்கேன்னு சொல்வாங்க, அதுல ஒரு முடியோ மணலோ மாட்டினா மூடாது, மூடலைன்னு உங்களுக்குத் தெரியவும் தெரியாது. கரையை விட்டு நூறு மைல் தள்ளி இருக்கும்போது வயித்துப்போக்கு வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதோட, அந்த டாய்லெட்டுங்க அழுத்தத்துல வர்ற தண்ணிக்கு செஞ்சதே இல்லை. பம்ப்ல ஒரு சீல் லேசா விட்டாப் போதும், பிரஷர் பம்ப் தன்னால ஓடி ஓடி குடிக்க வெச்ச தண்ணி பூரா பேசின் வழியா வழிஞ்சு படகோட அடித்தட்டுல போய் நிக்கும். இப்படி இணைக்காதீங்கன்னு டாய்லெட்டோட வர்ற கையேட்டுலயே போட்டிருப்பாங்க, யாரும் படிக்கறதில்லை. அழுத்தத் தண்ணிக்குன்னே சொலனாய்டு வால்வு (மின்சாரத்துல திறந்து மூடறது), வேக்யூம் பிரேக்கர் (தண்ணி பின்னாடி ஏறாம தடுக்கறது) எல்லாம் வெச்சு செஞ்ச டாய்லெட் தனியா இருக்கு, அது வேற கதை, அதை வாங்கி அவங்க சொன்ன மாதிரி மாட்டறவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்லலை.

அதனால டாய்லெட்டுக்குன்னு தனியா ஒரு டேங்க். குடிதண்ணியோட எந்த இடத்துலயும் தொடர்பே இல்லாத டேங்க். இதுக்கு அந்த மடங்கற பை டேங்க், பிளாடர் டேங்க்னு சொல்றாங்களே, அதை விட பொருத்தமானது எதுவும் இல்லைன்னுதான் நான் சொல்வேன். ஏற்கனவே கட்டி முடிச்ச படகுல சதுரமா கெட்டியா ஒரு டேங்கை உள்ள கொண்டு போறதே பெரும்பாடு, கதவுல நுழையாது, நுழைஞ்சாலும் லாக்கர் வளைவுக்கு உக்காராது. பை டேங்கை சுருட்டி அக்குள்ல இடுக்கிட்டு போயிடலாம், படுக்கைக்கு அடியில இருக்கற கோணல்மாணலான இடத்துல விரிச்சு தண்ணி விட்டா அதுவே அந்த வடிவத்துக்கு உக்காந்துக்கும். 50 லிட்டர்லேருந்து 200 லிட்டர் வரைக்கும் கிடைக்குது. பிளாஸ்டிக் பூசின துணிப்பைங்கறதால தண்ணில ஒரு பிளாஸ்டிக் ருசி வரும், குடிதண்ணிக்கு இதை வெச்சவங்க எல்லாரும் முதல்ல புலம்பறது அதைப் பத்திதான். டாய்லெட்டுக்கு ருசி எதுக்கு? காலியாக காலியாக பையே சுருங்கிடறதால காத்து உள்ள வர வென்ட் பைப்பும் வேண்டாம், ஒரு ஓட்டை மிச்சம்.

எவ்வளவு பெரிசு வேணும்ங்கறதை ஹோஸ் நீளத்தை வெச்சு கணக்கு போடுங்க. வெளிய போற 38 மி.மீ ஹோஸ் மீட்டருக்கு 1.1 லிட்டருக்கு மேல பிடிக்கும். பேசின்லேருந்து ஹோல்டிங் டேங்க் வரைக்கும் ரெண்டு மீட்டர்னா, உள்ள இருக்கற அழுக்கு முழுசா போய்ச் சேர ரெண்டே கால் லிட்டராவது தள்ளணும். பாதில நிறுத்தினா அந்த ஹோஸ்லயே தேங்கி அதுவும் ஒரு நாத்தம். ஆக கெட்டியா போகும்போது ரெண்டு மூணு லிட்டர், மூத்திரத்துக்கு அதுல பாதிக்கும் கம்மின்னு வெச்சுக்கலாம். சராசரி ரெண்டு லிட்டர்னா 100 லிட்டர் பை 50 தடவைக்கு வரும், ரெண்டு பேர் இருக்கற படகுக்கு ஒரு நாளைக்கு பத்து தடவைன்னாலும் அஞ்சு நாள். பம்ப்ல தண்ணி இழுக்கறதை நிறுத்தற அந்த சின்ன லீவரை ஒழுங்கா பயன்படுத்தினா இன்னும் நீளும், முதல்ல தண்ணி இல்லாம பேசினை காலி பண்ணிட்டு அப்புறம் மட்டும் தண்ணி விட்டு நாலு அடி அடிக்கணும். ஹோல்டிங் டேங்க் இருக்கறவங்க இன்னொண்ணையும் மனசுல வைங்க, உள்ள போற ஒவ்வொரு லிட்டரும் அங்கதான் போய் நிக்கும், நல்ல தண்ணி தாராளமா இருக்குன்னு விட்டா ஹோல்டிங் டேங்க் சீக்கிரம் நிரம்பிடும்.

100 லிட்டர்னா 100 கிலோ, அது ஒரு ஆள் எடைக்கு மேல. அதை மூக்குல கொண்டு போய் வெச்சா படகு மூக்கு குத்தும், ஒரு ஓரமா வெச்சா அந்தப் பக்கம் சாயும். முடிஞ்ச வரைக்கும் நடுவுல, கீழ வைங்க. பையை கொல்றது உராய்வுதாங்க. பாய் திருப்பும்போதெல்லாம் படகு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாயும், பாதி நிரம்பின பை அதோட சேர்ந்து வழுக்கும், நீங்க தூங்கும்போது கூட அது தேய்ஞ்சுட்டே இருக்கும். லாக்கருக்குள்ள கையை விட்டு சுத்தித் தடவிப் பாருங்க, ஃபைபர்ல முள்ளு மாதிரி நீட்டிட்டு இருக்கும், ஸ்க்ரூ நுனி இருக்கும், ப்ளைவுட் ஓரம் கூரா இருக்கும், விரல்ல குத்தற எதுவும் பையையும் குத்தும். எல்லாத்தையும் உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, கெட்டியான ரப்பர் ஷீட் விரிச்சு, மூலைல இருக்கற வளையங்கள்ல கயிறு போட்டு கட்டணும், வலிச்சுக் கட்டக்கூடாது, நகராத அளவுக்கு மட்டும். பை மேல நங்கூரச் சங்கிலி, டூல் பாக்ஸ்னு எதையும் போடாதீங்க.

நிரப்பும்போது கவனம். வென்ட் இல்லாத பைங்கறதால குழாயை நேரா சொருகி திறந்து விட்டா அழுத்தம் தாங்காம ஒட்டு விட்டுடும். அளந்து ஊத்தறது நல்லது, இல்லைன்னா வழிஞ்சு வெளிய வர்ற மாதிரி ஒரு பைப் வெச்சுக்குங்க. நிரப்பி முடிச்சதும் மேல சேர்ந்த காத்தை அமுக்கி வெளிய விடணும், இல்லைன்னா பம்ப் காத்தை இழுத்து கொடகொடங்கும். கடைசி கொஞ்சம் தண்ணி இருக்கும்போது மேல் துணி வந்து வெளிய போற வாய்ல ஒட்டிக்கிட்டு அடைச்சுடும், தண்ணி இருக்கு ஆனா வரலைங்கற குழப்பம் இதனாலதான் வருது. வாய் இருக்கற பக்கம் பள்ளத்துல வர்ற மாதிரி பையை போடுங்க, அந்த வாய்க்குள்ள ஓட்டை போட்ட ஒரு சின்னக் குழாய் வெச்சா துணி ஒட்டாது.

அடுத்தது சைஃபன், அதாவது ஹோஸ் வழியா தண்ணி தன்னால இறங்கிட்டே இருக்கறது. பையில தண்ணி மட்டம் பேசின் விளிம்பை விட உயரமா இருந்தா, பம்ப் அடிக்காமலே சொட்டுச் சொட்டா பேசினுக்கு இறங்கும், காலைல எழுந்தா தரை பூரா தண்ணி. பேசின் விளிம்புக்கு கீழயே பை இருந்தா பாதி கவலை விட்டுச்சு, ஆனா படகு சாயும்போது கீழ இருந்தது மேல வரும்ங்கறதையும் யோசிக்கணும். அதனால பையோட வாய்கிட்ட கைக்கு எட்டற மாதிரி ஒரு வால்வு கட்டாயம். சைஃபனை நிறுத்த காத்து விடற மூடி வெச்ச வளைவுக் குழாய், வென்ட் லூப்னு சொல்வாங்க, அதை பம்புக்கும் பேசினுக்கும் நடுவுல, பை தண்ணி மட்டத்துக்கு மேல வர்ற மாதிரி மாட்டணும். நிறைய பேர் இதை டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல மாட்டிட்டு பம்ப் தண்ணி இழுக்கலைன்னு திண்டாடறாங்க, அங்க மாட்டினா அது காத்தைத்தான் இழுக்கும்.

பழைய கடல் தண்ணி ஓட்டையை என்ன பண்றதுன்னு கேப்பீங்க. தண்ணி மட்டத்துக்கு கீழ இருக்கற ஒவ்வொரு ஓட்டையும் படகு மூழ்கறதுக்கு ஒரு வழி. வால்வை மட்டும் மூடிட்டு ஹோஸை கழட்டித் தொங்க விட்டா போதும்னு நினைக்கவே கூடாது, வால்வு மூடி, அதுக்கு மேல கெட்டியா ஒரு மூடியும் திருகணும், அடுத்த தடவை படகை கரை ஏத்தும்போது ஓட்டையையே அடைச்சுட்டா இன்னும் நிம்மதி. ரெண்டு தண்ணியும் வேணும்னு மூணு வழி வால்வு போடறவங்க இருக்காங்க. மாசக்கணக்குல கடல்லயே ஓடறவங்களுக்கு அது நியாயம்தான், தினமும் ஓடற ஹோஸ்ல தண்ணி நின்னு அழுக நேரம் இருக்காது, நல்ல தண்ணியும் அவ்வளவு தூக்கிட்டுப் போக முடியாது. ஆனா அந்த வால்வு லேசா கசிஞ்சாலும் கடல் தண்ணி மெதுவா பைக்குள்ள ஏறும், பை பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு கீழதானே இருக்கு. அதனால பயன்படுத்தாத நேரத்துல அடி வால்வை மூடற பழக்கம் இல்லாதவங்க இந்த வழிக்கே போக வேண்டாம்.

பைக்கு எந்தத் தண்ணி வேணாலும் ஆகும், மழைத்தண்ணி, குடிதண்ணி டேங்கை கழுவும்போது வெளிய விடற பழைய தண்ணி எல்லாமே சரி. குளிச்ச தண்ணியை மட்டும் விடாதீங்க, சோப்பும் முடியும் அழுக்கும் சேர்ந்து கடல் தண்ணியை விட மோசமா நாறும், பம்ப் வால்வும் அடைக்கும். நிரப்பற வாய்ல குடிக்கறதுக்கு இல்லைன்னு பெரிசா எழுதி ஒட்டுங்க. முக்கியமா டீசல் ஊத்தற வாயும் இதுவும் பக்கத்துல பக்கத்துல வர வேண்டாம். உறைபனி வர்ற ஊர்ல வெச்சிருக்கறவங்க குளிருக்கு முன்னாடி பையை காலி பண்ணிடணும்.

மின்சாரத்தால கழிவை சுத்தம் பண்ற கருவி வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அந்தக் கருவிங்க உப்புத் தண்ணில மின்சாரம் பாய்ச்சி குளோரின் மாதிரி கிருமிநாசினியை அங்கயே உண்டாக்கித்தான் வேலை செய்யுது. நல்ல தண்ணி மட்டும் போனா உப்பு இல்லாம கருவி ஒழுங்கா ஓடாது, அதுக்குன்னு தனியா உப்பு கலந்து விட ஏற்பாடு பண்ணணும். இன்னொண்ணு, நல்ல தண்ணி ஊத்தினதால கழிவு சுத்தமாயிடாது, எங்க வெளிய விடலாம் எங்க விடக்கூடாதுங்கற சட்டம் எல்லாம் அப்படியேதான்.

பை மாட்டியும் நாத்தம் போகலைன்னா ஹோஸையே சந்தேகப்படணும். பழைய ஹோஸ் ரப்பர் வழியாவே நாத்தம் வெளிய ஊறும். வெந்நில நனைச்சு பிழிஞ்ச ஒரு சுத்தமான துணியை ஹோஸ் மேல சுத்தி வெச்சு, ஆறினதும் எடுத்து மோந்து பாருங்க, துணில வாடை இருந்தா அந்த ஹோஸை மாத்தறதைத் தவிர வேற வழி இல்லை.

பை டேங்குக்கே இடமில்லாத குட்டிப் படகுக்கும் ஒரு வழி இருக்கு. கை கழுவற சிங்க்லேருந்து கீழ போற ஹோஸ்ல, அதோட அடி வால்வுக்கு முன்னாடி ஒரு டீ போட்டு டாய்லெட் உள்வர்ற ஹோஸை அதுல சேத்துடலாம். படகை பூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அந்த அடி வால்வை மூடி, சிங்க்ல நல்ல தண்ணி ஊத்தி பம்ப் அடிச்சா, உள் ஹோஸ், பம்ப், பேசின் விளிம்பு, வெளி ஹோஸ் எல்லாம் ஒரே ஓட்டத்துல கழுவிடும். சிங்க்ல நிக்கற தண்ணிக்கும் குழாய் வாய்க்கும் நடுவுல காத்து இடைவெளி இருக்கறதால குடிதண்ணிக்கு எந்த ஆபத்தும் இல்லை. தண்ணியோட போற சோப்பு நுரையும் பல் தேய்ச்ச எச்சிலும் அங்கயே தங்காம இருக்க, கடைசில வெறும் தண்ணி ஒரு சிங்க் நிறைய விட்டு அடிச்சிடுங்க.

படகு வாழ்க்கையைப் பத்தி அடுத்த தடவை எழுதும்போது இந்த விஷயத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கினீங்கன்னா, குறிப்பா குடிதண்ணி லைன்ல டீ போடாதீங்கங்கறதை மட்டுமாவது போட்டீங்கன்னா, ரொம்ப நன்றியா இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்